எந்த ஆண்டு வைன் நல்லது? கல்யாணத்துக்கு இரண்டு போத்தல், கையில் காசு குறைவு

நெடுங்கேணித் தம்பி, 2025 ஜனவரி 28

அண்ணைமாரே, மார்ச் முதற் கிழமையில் தங்கச்சிக்குக் கல்யாணம். மூத்த அண்ணர் பிரான்சிலிருந்து வருகிறார். மாப்பிள்ளை பகுதிக்கு மரியாதையாக இரண்டு போத்தல் சிவப்பு வைன் கொண்டுவரச் சொல்லியிருக்கிறோம். வைன் பற்றி அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. பிரான்சின் போர்தோ வட்டாரத்து வைன், 2013ஆம் ஆண்டுப் போத்தல் ஒன்று கழிவு விலையில் கிடைக்கிறதாம். பன்னிரண்டு ஆண்டு பழையது. வைன் பழையதானால் நல்லதுதானே? அல்லது இந்த ஆண்டுக் கணக்கே கடைக்காரர் கட்டிய கதையா?

முரசுமோட்டைக் கமக்காரன், ஜனவரி 28 இரவு

2013 வேண்டாம். வேறு எந்த ஆண்டென்றாலும் பேசலாம்.

ஜனவரி 29

நேற்றுத் தூக்கக் கலக்கத்தில் ஒரு வரியோடு நிறுத்திவிட்டேன். காரணம் சொல்லாமல் வேண்டாம் என்பது சம்பந்தம் பேசப் போனவர்கள் செய்கிற வேலை. ஆகவே விபரம்.

போத்தலில் அச்சிட்டிருப்பது வைனை அடைத்த ஆண்டு அல்ல, முந்திரிகை பறித்த ஆண்டு. அந்த ஆண்டில் அந்த ஊரில் வானம் என்ன செய்தது என்பதற்கு அது ஒரு சாட்சி. 2013இல் போர்தோவில் வசந்தம் குளிராகவும் ஈரமாகவும் இருந்தது. கொடி பூத்த நேரத்தில் மழை, பூ கொட்டியது. எஞ்சிய காயும் பழுத்து முடிவதற்குள் அழுகல் பிடிக்கத் தொடங்க, கிடைத்ததைக் காப்பாற்றினால் போதும் என்று பறித்தார்கள். அந்த ஆண்டுச் சிவப்பு மெலிந்த பிள்ளை. விலை குறைந்த போத்தல் என்றால் பன்னிரண்டு ஆண்டு தாங்குகிற உடம்பு அதற்கு ஏது?

பழையது நல்லது என்ற எண்ணம் எங்களுக்கு அரிசியிலிருந்து வந்தது. புது அரிசியை அரித்துப் போட்டால் சோறு குழைந்துவிடும், ஆறு மாதம் கிடந்த ஆட்டக்காரி அரிசி பதமாக வரும். புளியும் அப்படித்தான். ஆனால் உலகத்தில் விற்கிற வைனில் மிகப் பெரும்பகுதி ஓரிரண்டு ஆண்டுக்குள் குடித்து முடிக்கவென்றே செய்யப்படுகிறது. வைத்திருந்தால் தேறுவது கொஞ்சம், அதற்கு விலையும் அதிகம்.

பிப்ரவரி 1

எனக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று கனகராயன்குளத்திலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். நான் பாரிஸில் ஓர் உணவகத்தில் பாத்திரம் கழுவினேன். பிறகு நிலவறையிலிருந்து போத்தல் எடுத்துவரும் வேலை. செப்டம்பரில் விடுமுறை எடுத்து, நுரைக்கும் வைனுக்குப் பெயர்போன ஷாம்பெய்ன் பக்கம் முந்திரிகை பறிக்கப் போவேன், கைக்காசுக்காக. மூன்று ஆண்டு போனேன்: 2001, 2002, 2003. அப்போது தெரியாது, பாடம் படிக்க இதைவிட நல்ல மூன்று ஆண்டு அமைந்திருக்காது என்று.

2001இல் போன நாள் முதல் மழை. சுண்ணாம்பு மண் சப்பாத்தில் களியாக ஒட்டும், கால் ஒவ்வொன்றும் இரண்டு கால் பாரம். அங்கே இயந்திரத்தால் பறிக்க விதி இடம் தராது. குலை உடையாமல் முழுதாகப் பிழியும் இடத்துக்குப் போக வேண்டும். ஆகவே குனிந்து, இலையை விலக்கி, குலையை இடது கையில் ஏந்தி, காம்பில் கத்தரி வைக்க வேண்டும். ஏந்தும்போதே விரல் உள்ளே போய்விடும். வெளியே பழம் போலத் தெரியும், நடுவில் சாம்பல் பூஞ்சணம் பிடித்துக் கூழாகியிருக்கும். எங்களை மேய்த்த கிழவர் குலையை மூக்கில் வைத்துப் பார்க்கச் சொல்லுவார். வினாகிரி வாடை என்றால் நிலத்தில் போடு. அந்த ஆண்டு நிலத்தில் போட்டதுதான் அதிகம் என்று நினைவு.

அடுத்த ஆண்டு அதே சரிவு, அதே வரிசைகள், அதே கிழவர். குலைகள் சிறியவை, தோல் இறுக்கம், சில பழங்கள் இலேசாகச் சுருங்கியே இருந்தன. கடித்தால் கொட்டை வரை இனிப்பு, பின்னால் ஒரு புளிப்பு. மாலையில் கத்தரி உள்ளங்கையை விட்டு வராது, அவ்வளவு சீனி.

2001க்கு ஆண்டு போட்ட ஷாம்பெய்னைக் கடையில் காண்பது அரிது. 2002க்குப் பெரிய நிறுவனங்களில் ஏறத்தாழ எல்லாமே ஆண்டு போட்டன. ஷாம்பெய்னில் வழக்கமாக ஆண்டு போட மாட்டார்கள். பழைய ஆண்டு வைனைச் சேமித்து வைத்துப் புதியதோடு கலந்து, ஒவ்வோர் ஆண்டும் ஒரே சுவை வரச் செய்வார்கள், ஆலைக்காரர் பழைய அரிசியில் புதிய அரிசியைக் கலப்பதைப் போல. ஆண்டு போட்டால் அந்த ஆண்டில் நம்பிக்கை வைத்திருக்கிறார்கள் என்று பொருள். குறைந்தது மூன்று ஆண்டு வைத்திருந்த பிறகே விற்கலாம்.

2003 பற்றி இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. ஏப்ரல் உறைபனியில் அரைவாசி போனது, பிறகு ஐரோப்பா முழுவதும் பெருவெயில். செப்டம்பருக்குச் சொல்லிவைத்த விடுமுறையை ஆகஸ்டுக்கு மாற்றச் சொல்லி முதலாளியிடம் ஏச்சு வாங்கினேன்.

பிப்ரவரி 2

முந்திரிகையில் வைனா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். முந்திரிகை என்று நான் எழுதுவது திராட்சையைத்தான். எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். நீங்கள் நினைப்பது மரமுந்திரிகை, கசுக்கொட்டை. அதில் வைன் செய்தால் எனக்கும் ஒரு போத்தல் அனுப்புங்கள்.

பிப்ரவரி 4

ஆண்டு என்பது கடைக்காரர் கதையா என்ற கேள்விக்கு ஒழுங்கான பதில் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகப் பொருளியலாளர் ஓர்லி ஆஷன்ஃபெல்டரிடம் இருக்கிறது. போர்தோ வைன் பழையதான பிறகு ஏலத்தில் என்ன விலைக்குப் போகிறது என்பதை வானிலைக் கணக்கோடு வைத்துப் பார்த்தார். மூன்று எண்கள் போதும் என்றார். முந்திய மாரியில் பெய்த மழை, அது கூடினால் நல்லது. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை சராசரி வெப்பம், அதுவும் கூடினால் நல்லது. ஆகஸ்ட், செப்டம்பர் மழை, அது குறைந்தால் நல்லது. நாக்கில் ஒரு சொட்டும் வைக்காமல், 1989ம் 1990ம் பெரிய ஆண்டுகள் என்று முன்கூட்டிச் சொன்னார். சரியாகவே போனது. ரொபர்ட் பார்க்கர் போன்ற வைன் சுவைஞர்களுக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல.

இதை வாசித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. இரணைமடுக் குளம் நிரம்ப வேண்டும், கதிர் முற்ற வெயில் வேண்டும், வெட்டுக்கு மழை வரக்கூடாது. என் தகப்பனார் வரம்பில் நின்று ஒவ்வொரு தையிலும் சொன்னது இதுதான். அவருக்கு யாரும் பேராசிரியர் பட்டம் கொடுக்கவில்லை.

ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. நெல்லுக்குக் கதிர் பால்பிடிக்கும் காலத்தில் தண்ணீர் குறையக்கூடாது. முந்திரிகைக்குக் காய் நிறம் மாறும் நேரத்தில் கொஞ்சம் தாகம் இருக்க வேண்டும். தாகம் எடுத்தால்தான் கொடி இலை விடுவதை நிறுத்திவிட்டுப் பழத்தைப் பார்க்கும். வத்தகப்பழம் பயிரிடுகிறவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. பறிக்கும் கிழமையில் தண்ணீர் விட்டவனுடைய பழம் பாரமாக இருக்கும், வாயில் வைத்தால் பச்சைத்தண்ணீர்.

பிப்ரவரி 5

யாழ்ப்பாணத்தில் முந்திரிகைத் தோட்டம் வைத்திருக்கும் அன்பர் எழுதியிருக்கிறார்: இங்கே நல்ல ஆண்டு, கெட்ட ஆண்டு என்று பேச முடியாதா? மழையில் பூ கொட்டுவது இங்கும் உண்டுதானே. உண்டு. ஆனால் இங்கே கொடிக்குக் குளிர்காலத் தூக்கம் கிடையாது. நீங்கள் கத்தரித்தால்தான் தளிர்க்கிறது, ஆகவே ஓர் ஆண்டில் ஒன்றுக்கு மேற்பட்ட விளைச்சல் எடுக்கிறீர்கள். போத்தலில் ஆண்டோடு மாதத்தையும் அல்லவா போட வேண்டும்.

கள்ளுக்கோ மணி போட வேண்டும். காலையில் இறக்கியது மாலையில் வேறு சாமான். தவறணைக்குப் போகிறவர்கள் எந்த ஆண்டு என்று கேட்பதில்லை, எத்தனை மணிக்கு இறக்கியது என்றுதான் கேட்பார்கள்.

பிப்ரவரி 6

ஒரு திருத்தம். 2013 வேண்டாம் என்று பொதுவில் எழுதியது தவறு. போர்தோச் சிவப்புக்கு மட்டும்தான் அது. அதே 2013இல், அதே போர்தோ வட்டாரத்தில், சோதெர்ன் ஊரின் இனிப்பு வைன் நன்றாக வந்தது. அந்த வைனுக்குப் பழத்தில் பூஞ்சணம் பிடிக்கத்தான் வேண்டும். அடுத்தவன் வயலில் கேடு, இவன் வயலில் செல்வம். கலிபோர்னியாவின் நாபாவில் 2013 மிகச் சிறந்த ஆண்டு. 2011ம் அப்படி ஒன்று: போர்தோவில் சுமார், போர்த்துக்கலில் போர்ட் வைனுக்கு மகத்தான ஆண்டு.

ஊர் சொல்லாமல் ஆண்டை மட்டும் சொன்னால் அர்த்தமில்லை. சில வேளை ஊரும் போதாது, கரையையும் சொல்ல வேண்டும். போர்தோவில் ஆற்றின் இடது கரையில் கபர்னே சொவின்யோன் என்ற முந்திரிகை இனம் அதிகம், அது பிந்திப் பழுக்கும். வலது கரையில் மெர்லோ என்ற இனம், முந்திப் பழுக்கும். 1998இல் மழை வருவதற்குள் வலது கரையார் மெர்லோவை வீடு கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டார்கள். 1996இல் சிரித்தது இடது கரை. இரணைமடுவின் இடதுகரை வாய்க்காலில் ஒரு கதை, வலதுகரை வாய்க்காலில் வேறு கதை என்று நாங்கள் ஆண்டுதோறும் பேசுவதில்லையா?

2017 ஏப்ரலில் உறைபனி விழுந்தபோது, ஆறு அகன்று கடலோடு சேரும் பக்கத்துத் தோட்டங்கள் பெரும்பாலும் தப்பின. அகன்ற நீர் பக்கத்தில் இருந்தால் குளிர் அவ்வளவு இறங்காது. உள்ளே இருந்தவர்களுக்குத் தளிர் கருகியது. இரண்டு பகுதியினரும் போத்தலில் 2017 என்றுதான் அச்சிட்டார்கள்.

பிப்ரவரி 9

இப்போது காசுக் கணக்கு. தம்பி கேட்டதே அதைத்தான், நான்தான் ஊர் சுற்றிக்கொண்டிருக்கிறேன்.

நல்ல ஆண்டு யாருக்கு அதிகம் உதவுகிறது? பணக்காரருக்கு என்று நினைப்போம். எனக்கு அது தலைகீழாகத்தான் தெரிகிறது. பெரிய பெயர் உள்ள தோட்டத்துக்கு நல்ல நிலம், நிறைய வேலையாட்கள், கெட்ட குலையைக் கழித்து எறிய வசதி எல்லாம் உண்டு. மோசமான ஆண்டிலும் அவர்கள் ஏதோ குடிக்கக்கூடியதைச் செய்துவிடுவார்கள். நல்ல ஆண்டிலோ அந்த நன்மை முழுவதையும் விலையில் ஏற்றிவிடுவார்கள். 2009ம் 2010ம் அடுத்தடுத்து நன்றாக அமைந்தபோது பெரிய தோட்டங்களின் விலை எங்கே போனது என்று பாருங்கள். சிறிய தோட்டக்காரரிடம் கழித்து எறிய ஒன்றும் இல்லை. வானம் கொடுத்தால் உண்டு, கொடுக்காவிட்டால் இல்லை. நல்ல ஆண்டில் அவருடைய பத்து யூரோப் போத்தலும் நிமிர்ந்து நிற்கும். விலையை ஏற்ற அவருக்குத் துணிவு வராது, பெயர் கிடையாதே.

நிலவறையில் எனக்கு மேலே இருந்தவர் வாங்கிய முறையும் இதுதான். பெரிய ஆண்டில் சின்னப் பெயர், சின்ன ஆண்டில் பெரிய பெயர். 2000ஆம் ஆண்டை எல்லோரும் சுழியத்துக்காகவே முண்டியடித்து வாங்கியபோது, அவர் 2001ஐ அமைதியாக அடுக்கினார். 2001 போர்தோவில் நல்ல ஆண்டு, 2000இன் நிழலில் விழுந்துவிட்டது, அவ்வளவுதான். (ஷாம்பெய்னில் என் விரல் உள்ளே போனதும் அதே 2001. மேலே எழுதியதை மறக்க வேண்டாம்.)

தம்பிக்கு என் சொல்: கேள்விப்படாத பெயராக இருக்கட்டும், போர்தோ 2019 அல்லது 2020. 2022ம் நன்று, ஆனால் இன்னும் இளசு, வாயைக் கட்டும். 2021ஐ நான் தேடிப் போக மாட்டேன். ஏப்ரலில் உறைபனி, பிறகு ஈரம். உறைபனியை விரட்டத் தோட்டத்தில் இரவிரவாக மெழுகுதிரி கொளுத்தி வைத்த படங்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

பிப்ரவரி 10

இங்கே கடையில் வாங்குகிறவர்களுக்குச் சிறு குறிப்பு. சிலி, ஆஸ்திரேலியா, தென்னாபிரிக்கா போத்தல்களில் ஆண்டைப் பற்றி அதிகம் அலட்டிக்கொள்ளத் தேவையில்லை. மலிவு விலையில் அங்கே ஆண்டுக்கு ஆண்டு வேறுபாடு குறைவு. எது புதியதோ அதை எடுங்கள். அவர்களுக்கு அறுவடை எங்கள் காலபோகத்தோடுதான், பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை. ஆகவே ஒரே எண் போட்ட பிரெஞ்சுப் போத்தலைவிட அது அரை ஆண்டு மூப்பு.

பிப்ரவரி 11

ஆண்டு போட்டிருந்தால் முழுவதும் அந்த ஆண்டுப் பழமா என்று ஒருவர் கேட்டார். ஐரோப்பிய விதிப்படி குறைந்தது 85 சதவீதம். மிச்சம் 15ஐப் பற்றி எங்கள் ஊர்ப் பால்காரரிடம் கேட்டேன், நல்ல விதி என்றார்.

பிப்ரவரி 15

இரண்டு நாள் நெல் வெட்டு. வெட்டி முடியும் தறுவாயில் தூறல். வீதியில் காயப்போட்ட நெல்லை அள்ளிப் படங்கு மூடுவதற்குள் பாதி நனைந்துவிட்டது. வாங்க வந்தவர் ஒரு பிடி அள்ளிக் கடித்துப் பார்த்து, ஈரம் என்று மூடைக்கு இவ்வளவு கழிவு என்றார். ஆஷன்ஃபெல்டரின் மூன்றாவது எண் என் முற்றத்தில் கிடக்கிறது.

பிப்ரவரி 16

இவ்வளவு எழுதியும் முக்கியமானதை எழுதவில்லை. இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும், தம்பி மன்னிக்க வேண்டும்.

2012இல் என் மாமாவுக்கு அவருடைய மகன் ஒரு போர்தோ 2005 கொண்டுவந்து கொடுத்தான். 2005 என்றால் குறை சொல்ல முடியாத ஆண்டு, வரண்ட கோடை, பழம் முழுதாகப் பழுத்தது. மகன் இரண்டு நாள் சம்பளத்தைக் கொடுத்திருப்பான். மாமா அதை அலுமாரியில், கல்யாணக் கூறைச் சேலைக்குப் பக்கத்தில், நிற்கவைத்துப் பூட்டினார். வீட்டுக்குத் தகரக் கூரை. சித்திரையில் அந்த அறைக்குள் போனால் தலையில் சட்டி கவிழ்த்த மாதிரி இருக்கும். ஒன்பது ஆண்டு. எழுபதாவது பிறந்தநாளுக்குத் திறந்தார். என்னைத்தான் திறக்கச் சொன்னார், பிரான்சில் இருந்தவன் என்று.

மேல்தாளை உரித்தபோதே தெரிந்துவிட்டது. தக்கை ஒரு நூல் அளவு மேலே கிளம்பியிருந்தது. அதன் ஓரமாகக் கசிந்தது காய்ந்து, பனங்கட்டிப் பாகு மாதிரி கழுத்தில் ஒட்டிக்கிடந்தது. ஊற்றினால் சிவப்பு இல்லை, வெறும் தேத்தண்ணீரின் நிறம். மணம் ஊறவைத்த புளியும், அவித்த முந்திரிகை வற்றலும். மாமா ஒரு கிளாசை முழுதாகக் குடித்து, பழையதின் குணம் இதுதான் என்றார். நான் வாய் திறக்கவில்லை. சுற்றியிருந்தவர்களும் குணம் குணம் என்று தலையாட்டிவிட்டு, கண்ணால் சாராயப் போத்தலைத் தேடினார்கள்.

வைனுக்கு நிலவறையில் 12, 14 பாகை. ஆடாமல், இருட்டில், படுக்கவைத்து. கிளிநொச்சியில் அது எங்கே இருக்கிறது? நான் தண்ணீர்ப் பானையின் கீழ் ஆற்று மணலைக் கொட்டி நனைத்து, அதற்குள் ஒரு போத்தலைப் புதைத்து வெப்பமானி வைத்துப் பார்த்தேன். 27க்குக் கீழே இறங்கவில்லை. பூனை மட்டும் வந்து படுத்தது.

ஆகவே வன்னிக்கு வருகிற போத்தலுக்கு ஆண்டைவிட, வந்து சேர்ந்த பிறகு கழியும் நாள்தான் கணக்கு. அண்ணர் வந்த கையோடு குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் படுக்க வையுங்கள். பரிமாற முக்கால் மணி நேரம் முன்னே வெளியே எடுத்தால் போதும், எங்கள் அறையில் அது விரைவாகச் சூடாகிவிடும். கட்டுநாயக்காவிலிருந்து வரும்போது வான் வண்டியின் கூரையில் ஏற்ற வேண்டாம், ஏ9 வீதி முழுவதும் வெயில். மடியில் வைத்துக்கொள்ளச் சொல்லும்.

பிப்ரவரி 17

அப்படியானால் வைத்திருக்கவே கூடாதா, பிள்ளை பிறந்த ஆண்டுப் போத்தலை வாங்கி வைக்க ஆசை என்று மாங்குளத்திலிருந்து ஒரு தகப்பன். வாங்குங்கள், ஆனால் பிரான்சில் இருக்கும் உறவினர் வீட்டில் வையுங்கள். பிள்ளைக்கு அங்கே போய்வர ஒரு காரணமும் கிடைக்கும்.

நெடுங்கேணித் தம்பி, மார்ச் 9

கல்யாணம் நன்றாக நடந்தது. அண்ணர் இரண்டு 2019 கொண்டுவந்தார், வலது கரை, பெயர் வாயில் நுழையவில்லை. ஒன்றை முதல்நாள் இரவு ஆட்டிறைச்சிக் கறியோடு திறந்தோம். எல்லோருக்கும் நாக்கு எரிந்தது. மாப்பிள்ளையின் தகப்பனார் சோடா கலந்தார்.

முரசுமோட்டைக் கமக்காரன், மார்ச் 9

எரியும். உறைப்பும் சிவப்பு வைனும் ஒன்றையொன்று கிளப்பிவிடும். அதை நான் சொல்லியிருக்க வேண்டும், நெல்லுக் கவலையில் மறந்துபோனேன். சோடா கலந்தவரைக் குறை சொல்ல வேண்டாம், ஸ்பெயினில் கோடை வெயிலுக்கு அப்படியும் குடிக்கிறார்கள். இரண்டாவது போத்தலைக் கறி இல்லாமல், வறுத்த கச்சானோடு திறந்து பாரும். மாதக்கணக்கில் வைக்க வேண்டாம்.

மார்ச் 11

திருத்தம். பிப்ரவரி 16 குறிப்பில் மாமா என்று எழுதியது ஆளை மறைக்க. அது சின்னையா. அவர் பேரனின் தொலைபேசியில் இந்த இழை முழுவதையும் வாசித்துவிட்டார். 2005 பழுதாகவில்லையாம், எங்களுக்குத்தான் நாக்கு இல்லையாம். பூனை பற்றிய வரியைத் தவிர வேறெதையும் நம்ப வேண்டாம் என்று எல்லோருக்கும் சொல்லச் சொன்னார். சொல்லிவிட்டேன்.